நோட்டில் எழுதிய காமாலை

சங்கரன்கோவில்
12.10.2025

அன்புள்ள ஷம்சாத் அக்காவுக்கு,

இசக்கித்தாய் எழுதிக்கொண்டது. சுகம் என்று எழுத இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. துரைப்பாண்டி நேற்று இரண்டு வேளையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தங்கச்சி செல்வியைப் பார்த்துச் சிரித்தான்.

அன்றைக்கு அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு கதவை அடைத்துக்கொண்டானே, அந்த வெயிலில் மூன்று மணி நேரம் வாசலில் உட்கார்ந்தீர்கள். "மக்கா, நான் உள்ள வரமாட்டேன். நீ பேசாட்டாலும் பரவால்ல, இங்கனதான் இருப்பேன்" என்று நீங்கள் சொன்னதை அவன் இப்போதும் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறான். பெற்ற எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அக்கா.

போன் நம்பர் கேட்டீர்கள். போனுக்குள் இருந்து யாரோ தன்னை ஏசுகிறார்கள் என்று மூன்றாவது போனையும் உடைத்துவிட்டான். எதிர்த்த வீட்டில் போய்ப் பேசினால் தெருவே கேட்கும். அதனால்தான் இந்தக் கடுதாசி.

மாத்திரை கொடுக்க வரும்போது நீங்கள் எழுதுகிற நோட்டில், நோய் என்ன என்கிற இடத்தில் நான் கெஞ்சியபடி 'காமாலை' என்று எழுதினீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. எதிர்த்த வீட்டு அண்ணாச்சி தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிடுகிறார். நானும் வாங்கி வாழைக்கு ஊற்றுகிறேன். செல்விக்கு ஒரு நல்லது நடக்கிற வரைக்கும் அது காமாலையாகவே இருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
இசக்கித்தாய்

*

கடையநல்லூர்
3.12.2025

அன்புத் தங்கச்சி இசக்கித்தாய்க்கு,

அல்லாஹ் உன் பிள்ளைக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும். உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

எங்கள் குழுவுக்குப் பணம் கொடுக்கிற டிரஸ்ட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நோட்டைப் புரட்டினார்கள். நீ ஒருத்தி மட்டுமா காமாலை எழுதச் சொன்னாய்? உன்னைப் போல எல்லாரும் கெஞ்சினார்கள், நானும் எல்லாருக்கும் எழுதினேன். "முப்பத்தொரு வீட்லயும் காமாலையா? அப்ப குடிதண்ணியத்தானே சோதிக்கணும், மனநோய்க்குன்னு பணம் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நம்பாமல் இல்லை. ஆனால் காகிதம் வேண்டுமாம். ஐந்து குடும்பமாவது பேர் போட்டு, என்ன நோய், நாங்கள் வந்து என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இல்லையென்றால் ஜனவரியோடு பணம் நின்றுவிடும்.

நான்கு வீட்டில் கேட்டுவிட்டேன். ஒரு வீட்டில் காபி கொடுத்து அனுப்பினார்கள், மற்ற வீட்டில் அதுவும் இல்லை. நீ ஒருத்தி முதலில் எழுதினால் மற்றவர்களிடம் காட்டிக் கேட்பேன். பொய்யை எழுதியது என் கை. அதைத் திருத்த உன்னிடம் வந்து நிற்கிறேன்.

உன் அக்கா,
ஷம்சாத் பேகம்

*

சங்கரன்கோவில்
9.12.2025

அக்காவுக்கு,

கேட்டிருக்க வேண்டாம். தை பிறந்ததும் மேலநீலிதநல்லூரிலிருந்து செல்விக்குப் பூ வைக்க வருகிறார்கள். அண்ணனுக்குக் கோட்டி, பைத்தியம் என்று ஒரு எழுத்து வெளியே போனால் எங்கள் வீட்டுப் படி யார் ஏறுவார்கள்? உங்களுக்குப் பெண்பிள்ளை இல்லை. இருந்தால் என்னிடம் கேட்டிருக்கமாட்டீர்கள்.

செல்வியிடம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?

முப்பது வீடு இருக்கிறதே, அங்கே கேளுங்கள். என்னை விட்டுவிடுங்கள்.

இசக்கித்தாய்

*

கடையநல்லூர்
2.2.2026

தங்கச்சிக்கு,

நீ எழுதியதில் கோபம் இல்லை. ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. பணம் நின்றுவிட்டது. உங்களையெல்லாம் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த ரசூல் இப்போது ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆட்டோ ஓட்டுகிறான். நான் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்துவிட்டேன்.

துரைப்பாண்டிக்கு மாத்திரை இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் வரும். எப்படியாவது திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடு. ஒரு நாள்கூட நிறுத்தாதே.

ஷம்சாத்

*

சங்கரன்கோவில்
24.3.2026

அக்கா,

துரைப்பாண்டி போய்விட்டான். பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது.

மாத்திரை தீர்ந்ததும் பஸ்ஸுக்குக் கூப்பிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் போன் வைத்திருப்பார்கள் என்று வரமாட்டேன் என்றான். ஆட்டோவுக்குக் கேட்டால் அவனைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் ஏற்றவில்லை. ஐந்தாம் தேதி வியாழக்கிழமை விடியக்காலையில் இறங்கிப் போனான்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே புகார் எழுதுகிறவர், "பையனுக்கு உடம்புக்கு எதுவும் உண்டாம்மா?" என்று கேட்டார். என் வாய் இருக்கிறதே, நாசமாய்ப் போன வாய், காமாலை என்று சொன்னது. யோசிக்கக்கூட இல்லை, அக்கா, பழகிப்போச்சு. அவரும் எழுதிக்கொண்டார். "இருவத்தாறு வயசு ஆம்பளதான, கோவிச்சுக்கிட்டு எங்கயாவது போயிருப்பான். ரெண்டு நாள் பாருங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் செல்விதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "எங்க அண்ணனுக்கு மனநோய் சார். காதுல குரல் கேக்கும். பயந்து ஓடியிருக்கான், எங்கயாவது ஒளிஞ்சிருப்பான்" என்று ஸ்டேஷன் முழுக்கக் கேட்கச் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் காடு கரையெல்லாம் தேடினார்கள். திங்கட்கிழமை இளையரசனேந்தல் பக்கம் ஒரு பாழ்கிணற்றில் கிடந்தான். தண்ணீர் இல்லாத கிணறு. விழுந்த பிறகும் இரண்டு நாள் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

துட்டி கேட்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. இனி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? மற்ற முப்பது வீட்டுக்கும் இப்படி வரக்கூடாது. நீங்கள் கேட்டது கீழே இருக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

என் பெயர் இசக்கித்தாய். சங்கரன்கோவில். என் மகன் துரைப்பாண்டிக்கு இருந்தது மனநோய். ஷம்சாத் பேகம் அம்மாளும் ரசூலும் வந்துபோன வரைக்கும் அவன் உயிரோடு இருந்தான்.

இசக்கித்தாய்

அக்கா, நான் செல்வி. அம்மா கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கடிதத்தை நேற்றுத்தான் அம்மா காட்டினாள். அம்மாவிடம் கேட்டீர்கள். மற்ற வீடுகளிலும் பெரியவர்களிடம்தான் கேட்டிருப்பீர்கள். என் கல்யாணத்துக்காகத்தான் எல்லாம் என்றார்கள், என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டிசம்பரிலேயே போட்டிருப்பேன்.

இசக்கிச்செல்வி
துரைப்பாண்டியின் தங்கை