பச்சைப் பொடி

1974 ஆகஸ்ட், செவ்வாய் இரவு, பொன்னேரி

கும்மிடிப்பூண்டி ஆலையில் இரும்புக் குழம்பு தெறித்து வெந்த தம்பியின் கால் எந்த ஊசிக்கும் ஆறவில்லை. அந்தப் புண்ணின் சீழிலிருந்து எடுத்த கிருமியைத்தான் கல்லூரி ஆய்வகத்தில் வளர்க்கிறேன். அமினோ அமிலத்தோடு தாமிரத்தைச் சேர்த்து நான் செய்த பச்சைப் பொடியை அதன்மேல் சோதிக்கிறேன்.

இன்று தட்டைத் திறந்தால், பொடியைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்திருந்தது. அழுதேவிட்டேன். பிறகுதான், ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வெறும் தாமிர உப்பான மயில்துத்தம் வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே அளவு வட்டம். இத்தனை மாதம் பட்ட பாடு, மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் மயில்துத்தத்தைத் தாண்டவில்லை. வெட்கக்கேடு.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி வழக்கம்போலக் கேட்டான். "இன்னாக்கா, கிருமி செத்துச்சா?"

பொய்யில்லையே என்று, "செத்துச்சு" என்றேன்.

"அப்ப அத்த என் கால்ல போடு. ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிக்கினே பேஜாராப் பூடுச்சி." துணியை அவிழ்த்துக் காலை நீட்டினான்.

"நாளைக்குடா" என்றேன். வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு என்ன சொல்வாரோ.

இந்தப் புண்ணுக்கு அம்மா முதன்முதலில் பொடித்துப் போட்டதே மயில்துத்தம்தான்.