இரண்டு மணி என்று சொல்லாத பக்கம்

கண்ணாடி வெடித்த உன் பழைய போன் என் மேசைமேல் கிடக்கிறது. நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் மனைவி கொடுத்தார். "அண்ணே, எதச் செஞ்சாலும் இதுலதான் தொறந்து பாப்பாரு. நீங்களே வச்சிக்குங்க." பின்மூடி விழாமல் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாய். இதைப் பார்த்தால் எனக்கு அழுகை வரவேண்டும். கோபம்தான் வருகிறது. பாதி என்மேல். மீதி, இன்று காலை சர்ச் மண்டபத்துக்கு வந்த அந்த ஆள்மேல்.

நம் மரண சகாயச் சங்கத்தின் இணையப் பக்கத்தைப் புதுப்பித்துத் தர வந்தாராம். "இன்னுமா பிரேம்வொர்க் இல்லாம ஓட்டுறீங்க அங்கிள்?" என்றார். அவருக்கே முன்மண்டை காலி. நான் அங்கிளாம்!

பிரேம்வொர்க் என்றால் யாரோ எங்கேயோ எழுதி வைத்த பெரிய மூட்டை. அதை இறக்கி, அதன்மேல் நம் பக்கத்தைக் கட்ட வேண்டும். நீ கட்டவில்லை. பிரவுசரில் ஏற்கெனவே இருப்பதை வைத்துப் பத்து வரியில் முடித்தாய்: இறந்தவர் பெயர், வீடு, அடக்கம் செய்யும் நேரம், கல்லறை. அதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரே சாவுக்கு மூன்று நேரம் சுற்றும். ஒருமுறை பாதிப்பேர் மாலையோடு இங்கே கூலிம் கல்லறையில் நின்றார்கள். உடல் அங்கே கரங்கான் எஸ்டேட்டில் இருந்தது. அதனால்தான் சங்கத்தில் விதி போட்டோம்: குரூப்பில் இணைப்பு மட்டும், நேரம் பக்கத்தில் மட்டும்.

எனக்கு உன் பக்கம் பிடிக்கவில்லை. கோப்பிக்கடையில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா?

"கவர்மெண்டு ஃபாரம் மாதிரி இருக்குலா. கொஞ்சம் அழகு பண்ணுடா."

"சாவு சேதிக்கு எதுக்குடா மேக்கப்பு?"

"தேதி போடுற இடத்துல நல்ல காலண்டராச்சும் வையேன்."

"பிரவுசர்லயே இருக்கு. தொட்டா வருது. வெளியேருந்து ஒண்ணத் தூக்கிட்டு வந்து, அதுக்குச் சோறு போட்டு, வருஷா வருஷம் மருந்து குடுக்கணுமா?"

நீ ஒன்றும் பத்தாம்பசலி இல்லை. ஹைடெக் தொழிற்பூங்காவில் உன் தொழிற்சாலையின் கணினித் திரைகளுக்கு நீயே பிரேம்வொர்க்கில்தான் எழுதினாய். "அங்க நூறு மெஷினோட கணக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அது இல்லன்னா நான் செத்தேன். இங்க மாறுறது ஒரு நேரம், ஒரு எடம்" என்றாய். நான் உன் ரொட்டியில் பாதியைத் தின்றேன்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்ததும் எனக்குத் துளிர்விட்டது. வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு பிரேம்வொர்க்கை இறக்கி, பக்கத்தை மாற்றிவிட்டேன். மெழுகுவர்த்தி எரிந்தது, பூ உதிர்ந்தது, காலண்டர் வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டு வைஃபையில், என் புதுப் போனில் பார்த்துவிட்டு நானே கைதட்டினேன். பாடகர் குழுவில் மூன்று பேரிடம் காட்டினேன்; மதியத்துக்குள் கூலிம் முழுக்கத் தெரிந்துவிட்டது. உன் கட்டில் பக்கம் வந்து பெருமையடித்தபோது நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "என் போன்ல பாத்தியா?"

"பாத்தேன்லா" என்றேன். உன் போன் உன் வீட்டு மேசை இழுப்பறையில் இருந்தது.

அந்தப் பக்கத்தில் வந்த முதல் சாவே உன்னுடையது.

அடக்கம் நாலு மணி என்று ஊரெல்லாம் வாய்வழியாகப் போயிருந்தது. ஃபாதர் சாயங்காலம் பெண்டாங் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் இரண்டு மணியாக மாற்றினார்கள். நான்தான் பக்கத்தில் திருத்தினேன். குரூப்பில் "நேரம் மாறியுள்ளது, பக்கத்தைப் பார்க்கவும்" என்று இணைப்பைப் போட்டேன். இரண்டு மணி என்று அங்கேயே எழுதியிருக்கலாம். விதியாம், விதி!

நாலு மணிக்குக் கரங்கான் எஸ்டேட்டிலிருந்து ஒரு வேன் கல்லறை வாசலில் வந்து நின்றது. எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். மலர் வளையத்தைப் பிடித்தபடி முதலில் இறங்கினார் மரியம்மா அக்கா. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் உங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு, சின்ன வயசில் உன்னைக் குளிப்பாட்டிவிட்ட கை. உனக்கு வாங்கியபோதே அவருக்கும் இதே போனை வாங்கிக் கொடுத்தாயே, அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மூட்டை முழுதாக இறங்கினால்தான் ஒரு எழுத்தாவது தெரியும் என்கிற பக்கம். ஒற்றைக் கோடு சிக்னலில் அது எங்கே இறங்க?

"காலையிலேருந்து தொறக்குறேன் தம்பி. வெள்ளையாவே நிக்குது. நேரத்தக் காணோம். சரி, நாலுதானேன்னு வந்தோம்."

குழி மூடியாகிவிட்டது. அவர் மண்மேட்டைப் பார்த்தார்.

"ஒரு பிடி மண்ணு போட விடலியே நீ."

இரண்டு மணி. இரண்டே சொல். அதைச் சுமக்க நான் ஒரு லாரியைக் கூப்பிட்டேன்; லாரி எஸ்டேட் மண்ரோட்டில் புதைந்தது. அன்றைக்கே உன் பழைய பக்கத்தைத் திரும்பப் போட்டேன். யாருக்கு என்ன பயன்?

இவ்வளவுக்குப் பிறகும் இன்று காலை எனக்கே லாரி விற்க ஓர் ஆள் வருகிறார்! உன் போனை அவர் முன் வைத்தேன். "ஒங்க சாம்பிள இதுல காட்டுங்க." தட்டினார். வெள்ளை. மறுபடி தட்டினார். தேநீர் ஆறியது.

"இது ரொம்பப் பழசு அங்கிள். யூசர்ஸ்தான் புது போனுக்கு மாறணும்."

"இதே போன வச்சிருக்கிற அக்கா எஸ்டேட்ல இருக்காங்க. நேர்ல வந்து சொல்றீங்களா?"

அவருக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது.

மத்தியானம் நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு கரங்கான் போனேன். தண்ணி பம்ப் கொட்டகை ஓரம், அந்த ஒற்றைக் கோடு சிக்னலில் நின்று, உன் போனில் உன் பக்கத்தைத் தொட்டேன். மூச்சு விடுவதற்குள் திறந்துகொண்டது. உன் சாவையும் அதில் நான் ஏற்றியிருக்கிறேன். உன் பெயர். உன் வீடு. அடக்கம் செய்யும் நேரம்: மதியம் இரண்டு மணி.

நீ கேட்டாயே. பார்த்துவிட்டேன்டா, உன் போனிலேயே.