இரண்டாவது டோக்கன்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

கோபித்துக்கொண்டு போனவன் கடிதம் போடுகிறானே என்று முகத்தைத் திருப்பாதே. கிடங்கில் ஆளுக்கு இரண்டு தடுப்பூசி டோக்கன் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுத்து நான் ஊசி போட்டுக்கொண்டேன். கை மட்டும் வலித்தது. இன்னொன்றை இதோடு வைத்திருக்கிறேன். பெயர் எழுதாத டோக்கன், மாத முடிவுவரை எந்த ஊரிலும் செல்லும். ஆஸ்பத்திரி அழுக்குத் துணியெல்லாம் துவைக்கிறவள் நீ. நமக்கு எப்போதும் எல்லாம் ஆளுக்குப் பாதிதானே?

கொக்கு

மார்ச் 11

என்னங்க,

டோக்கனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்கள் சலவைப் பிரிவில் எல்லோருக்கும் இரண்டு ஊசியும் எப்போதோ போட்டாகிவிட்டது. உங்களிடம் சொல்ல, நாம் பேசிக்கொண்டா இருந்தோம்?

பன்னைப் பிய்ப்பதுபோல் பிய்த்துக்கொள்கிற சாமான் இல்லை இது. எங்கள் டாக்டரம்மா தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறார்: "ஒண்ணோட நிறுத்தினா அரைகுறைப் பாதுகாப்புதான். ரெண்டும் போட்டவங்களுக்கும் நோய் வரலாம், ஆனா பெரும்பாலும் லேசா வந்துட்டுப் போயிடும்."

வீம்பு பிடிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்தால் நான் ஒன்றும் கதவைச் சாத்திவிட மாட்டேன்.

உங்கள் வாயாடி

மார்ச் 18

வாயாடி,

யாரிடம் கதை அளக்கிறாய்? பானையில் ஒரு கரண்டிதான் மிச்சம் என்றால், "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்பாய். அப்புறம் இருட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? இத்தனை வருஷமும் அந்தப் பொய்யில்தான் வயிறு வளர்த்தேன். இந்த முறை ஏமாற மாட்டேன்.

டோக்கன் மறுபடி உன்னிடமே வருகிறது. போட்டுக்கொண்டு ஒரு வரி எழுது, மறுநாளே பெட்டியோடு வந்து நிற்கிறேன். தொண்டை லேசாகக் கரகரக்கிறது. கிடங்குத் தூசிதான்.

கொக்கு

ஏப்ரல் 2

என்னங்க,

கிடங்கிலிருந்து தகவல் வந்ததும் பஸ் ஏறிவிட்டேன். வார்டுக்குள் விடவில்லை. கண்ணாடி வழியாகக் கால் மட்டும் தெரிகிறது. கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கொக்குக் காலை நான் வேறு யாருடையது என்று நினைப்பேன்?

எனக்கும் போன மாதம் இதே நோய் வந்தது. இரண்டு நாள் மூக்கு ஒழுகியது, எழுந்துவிட்டேன். நீங்கள் மூச்சுக்குத் தவிக்கிறீர்கள். உங்கள் கடிதம் மாதக் கடைசி நாளில்தான் கைக்கு வந்தது; டோக்கன் என் பையில்தான் இருக்கிறது. தேதி போய்விட்டது, இனி அது வெறும் தாள்.

ஊசி விஷயத்தில் நான் சொன்னது நிஜம். சாப்பிட்டேன் என்று சொன்னதெல்லாம் பொய். நிஜத்தை நம்பவிடாமல் அந்தப் பொய் உங்களைப் படுக்கவைத்துவிட்டதே என்று நெஞ்சு ஆறவில்லை.

இதை உங்கள் காதருகே படிப்பதாக நர்ஸ் சொன்னாள். "அவருக்குக் கேக்குமா?" என்றேன். "படிக்கிறேன்மா" என்று மட்டும் சொன்னாள்.

யாரோ ஒரு பன் வாங்கிக் கொடுத்தார்கள். மடியில் அப்படியே இருக்கிறது. நான் இன்னும் சாப்பிடவில்லைங்க. இதையாவது நம்பி எழுந்து வாருங்கள்.

உங்கள் வாயாடி