கடல் பக்கம் வேண்டாம் என்கிறார்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

சிட்டு, உன் வீட்டுக்காரர் இன்றைக்கு போன் போட்டார். எனக்கு விசா வந்துவிட்டதாம். பிப்ரவரியில் நியூஸிலாந்துக்குப் புறப்பட்டு வரணுமாம். கேரவன் வாடகைக்கு எடுக்கிறாராம். அதற்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டாம், பத்து நாள் சுற்றலாமாம். "அவ உங்களுக்காகப் போட்ட பிளான் அத்தை. அத விட மாட்டேன்" என்றார்.

நீ ஆஸ்பத்திரி ட்யூட்டியில் மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்து நாலு மாதம். யாருக்கு வேண்டும் சுற்றல்? ஆனால் அந்தக் கடலை நான் பார்க்கணும். உன் சாம்பலைக் கரைத்த இடத்தில் கால் நனைத்துக் கும்பிடணும்.

"கடலோரமாத்தான போவோம் மருமவனே?" என்றேன்.

"இல்ல அத்தை. உள் ரோட்டுல, மலை வழியா போவோம். அதுதான் அழகு."

எனக்கு எதுக்கு அழகு?

நவம்பர் 11

ஸ்ரீவராகத்தில் வேலை செய்யும் வீட்டில் சொன்னேன். சேஷன் சாமி கம்ப்யூட்டரில் மேப் எடுத்துக் காட்டினார். ஒரு ஊரிலிருந்து இரண்டு ரோடு பிரிகிறது. கடல் ரோடு கரையை ஒட்டியே போகிறது. மலை ரோடு மண்புழு மாதிரி நெளிகிறது. "இது ரொம்பச் சுத்துன்னா!" என்றார்.

சூடாமணி மாமி உள்ளேயிருந்தே கத்தினாள். "ஏண்டி கோமதி, பொண்டாட்டி போனப்பறம் மாமியாரை எவன் ஊர் சுத்திக் காட்ட அழைப்பான்? என்னமோ இருக்கு, கேட்டியா."

"நீ சும்மா இரேன்" என்றார் சாமி.

பொன்முடி மலை பஸ்ஸில் நான் எடுத்த வாந்தியைப் பற்றி உன் வீட்டுக்காரரிடம் நீ சொல்லிச் சிரித்திருக்கிறாய். வளைவு எனக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் மலை ரோடு?

நவம்பர் 20

ஏன் மலை ரோடு என்று அவரிடமே கேட்டேன். கடலோரம் காற்று பலமாம். கேரவன் உயரமாம், ஆடுமாம். சரி, இருக்கலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

வீடியோவில் பேசினார். கையில் காபி. பின்னால் அடுக்களை மேடையில் இன்னொரு டம்ளர், ஆவி பறக்கிறது.

"யாரு வந்திருக்கா?" என்றேன்.

"யாருமில்லயே அத்தை." சட்டென்று போனைத் திருப்பிவிட்டார்.

யாருமில்லாத வீட்டில் இரண்டு காபியா?

பொம்பளை. வேறென்ன.

டிசம்பர் 3

மாமியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "சம்சயமே வேண்டாம். ஆத்துக்கு ஆள் வந்தாச்சு. அவ வீடு கடலோரத்துல இருக்கும், போற வழியில நீ பாத்துடுவியோன்னு பயம்" என்றாள். கண்ணால் பார்த்தவள் மாதிரி சொன்னாள். நானும் நம்பினேன்.

கரமனை வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அழுகையை அடக்க முடியவில்லை. கண்டக்டர் பெண் என்ன ஆச்சென்று மலையாளத்தில் கேட்டாள்: "எந்து பற்றி சேச்சி?" பல்வலி என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

எந்தக் கரையில் கரைத்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளை மணல் கரையாம். அன்றைக்கு, நீ போன புதிதில், கறுப்புக் கல்லாகக் கிடக்கும் கரை என்றுதானே சொன்னார்? எனக்கு மறக்குமா?

அதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். கடல் ரோட்டில் மண் சரிந்து அடைத்துக் கிடக்கிறதாம்.

டிசம்பர் 15

சேஷன் சாமி பார்த்துச் சொன்னார்: "ரோடு தெறந்துதான் இருக்கு கோமதி. ஒண்ணும் சரியலை."

பொய். அத்தனையும் பொய்.

உன்னை என்ன செஞ்சான்? எங்கயாவது கொட்டிட்டானா? சுட்ட எடத்துலயே விட்டுட்டு வந்துட்டானா? கரைச்சாச்சுன்னு அவன் சொன்னதை நம்பித்தானே இங்க பதினாறு கழிச்சேன், திருவல்லம் ஆத்தங்கரையில உனக்குப் பிண்டம் வச்சுப் பலி போட்டேன் — அதெல்லாம் எங்க போச்சு? யாருக்குப் போச்சு?

டிசம்பர் 16

வேலைக்குப் போகவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கேட்டே விட்டேன். "மருமவனே, நான் வரல. டிக்கெட்ட கிழிச்சுப் போடும். எம்புள்ள எங்க? அத மட்டும் சொல்லும்."

போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அரிசி டப்பா பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. உன் பூப்போட்ட துண்டைச் சுற்றி வைத்திருக்கிறார். அதன் முன்னால் காபி டம்ளர்.

"கரைக்கல அத்தை. மூணு தடவ கடலுக்குக் கொண்டு போனேன். கார விட்டு எறங்க முடியல. நீங்க கரைச்சாச்சா, கரைச்சாச்சான்னு அழுதீங்க. ஆமான்னுட்டேன்."

"அதுக்குத்தான் கடல் பக்கமே வேண்டாம்னீரா?"

"கடலப் பாத்தா எந்த எடம்னு கேப்பீங்க. உண்மை தெரிஞ்சா, இப்பவே கரைன்னு சொல்வீங்க. அவளக் குடுத்துதான ஆகணும்."

சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். நான் விடவில்லை. தண்ணியில சேக்காம காபி குடுத்து வச்சிருக்கியே, அவ எப்பிடிடா போவா என்று கேட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

டிசம்பர் 24

மாமி தோண்டித் தோண்டிக் கேட்டாள். ரோடு சரியாயிருச்சு என்றேன்.

டிசம்பர் 30

வேறு பொம்பளை இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு என் பாட்டுக்கு இருந்திருப்பேன். இப்போது யாரைத் தூற்ற?

ஜனவரி 11, 2026

அவர் போன் வந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் வந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு நானாகத்தான் போட்டேன். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "கடல் ரோட்டுலயே போவோம் அத்தை. நீங்க காட்டுற எடத்துல வண்டிய நிறுத்துறேன். அங்கயே முடிச்சிருவோம்."

அதைச் சொல்லத்தான் நான் போன் போட்டேன். நாலைந்து தடவை மனசுக்குள் சொல்லியும் பார்த்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"வேண்டாம். மலை ரோட்டுலயே போவோம்."

"வளைவு அதிகம் அத்தை. உங்களுக்குச் சேராது."

"எலுமிச்சங்கா மோந்துக்கிட்டு வாரேன். அவ எங்க இருப்பா, வண்டியில?"

"முன்னாடி. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல."

"பெல்ட் போடணும் மருமவனே."

"போட்டுருவேன் அத்தை."

போனை வைத்தேன்.

இரண்டு ரோடும் கடைசியில் வண்டியோடு அடுத்த தீவுக்குக் கப்பல் ஏறும் துறைக்குத்தான் போகிறது என்று சாமி சொல்கிறார். அங்கேயும் கடல்தான். அங்கே வைத்து அவர் என்ன செய்வாரோ. நான் கேட்கமாட்டேன்.

முறைப்படி உன்னை எப்போதோ அனுப்பியிருக்கணும். தெரிந்தே பிடித்து வைக்கிறேன், பெற்ற நானே. சிட்டு, உனக்குப் போகணும்னு இருக்கா, இல்ல, இன்னும் கொஞ்ச நாள் எங்ககூட இருக்கணும்னு இருக்கா?