அம்மாவுக்கு அப்புறம் விளக்கணும்

அன்புள்ள மகனுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நாங்களே நினைத்துக்கொள்கிறோம், நீயாகச் சொன்னால்தானே தெரியும். போனில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை, அதனால்தான் தாளும் பேனாவும். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது சாதத்தில் இருக்கிற கல்லெல்லாம் அவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது, எனக்குத்தான் நிம்மதி போயிற்று. மாடி அறைக் கதவு மழையில் ஊறி மூட மாட்டேன் என்கிறது, நீ வந்தால் படுக்கிற அறைதானே, அவசரமில்லை என்று அப்பா விட்டுவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ நம் சபைக்கு எழுதிக்கொடுத்த வேதபாட ஆப் பாதிப் பேர் போனில் செத்துப்போனதை உனக்கு எத்தனை தடவை எழுதினேன். போனைப் புதுப்பித்த மறுநாளிலிருந்து தொட்டால் வெறும் வெள்ளைத் திரை. கடைசியில் நீ அனுப்பியது இரண்டே வரி, ஆப் எழுதின அந்த கம்ப்யூட்டர் மொழியை இப்ப யாரும் தொடறதில்லம்மா, வேற மொழியில முதல்லேருந்து எழுதணும், நேரம் கிடைக்கிறப்ப பாக்கலாம் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மொழிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது யாரப்பா? விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் தட்டு காயக் காய வாதாடினோமே. நான் பள்ளியில் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த ஜாவாஸ்கிரிப்டே போதும், பிரவுசரில் திறக்கிற பக்கமாகப் போட்டுவிடலாம், பழைய போன், புதுப் போன், சபை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் எதிலும் ஓடும், உடைந்தால் என் பழைய பிள்ளைகள் யாரைக் கூப்பிட்டாலும் சரிசெய்வார்கள் என்றேன். நீ சிரித்தாய். புது மொழியில் ஒருமுறை எழுதினால் எல்லாக் கருவியிலும் தனி ஆப்பாகவே ஓடும், கண்ணைப் பறிக்கும் என்று, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி பேசினாய். நான் கேட்டது ஒன்றுதான், நீ திரும்பிப் போன பிறகு இதை யார் பார்ப்பார்கள் என்று. நான் இருக்கேன்லம்மா என்றாய். அந்த வார்த்தைக்காகத்தான் சரி என்றேன், உன் மொழிக்காக இல்லை.

கேள்வி மாமாவை மறந்திருக்க மாட்டாய், கண்ணாடிக் கடைக்காரர், எந்த வசனம் படித்தாலும் கையைத் தூக்குவாரே. அத்தை தவறிப்போன பிறகு வேதத்தில் ஒவ்வொரு சங்கீதத்துக்கும் கீழே நம் ஆப்பில்தான் அவர் மனதில் பட்டதையெல்லாம் எழுதி வைத்தார். காகிதம் வேண்டாம் மாமா, இதில் எழுதினால் தொலையாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். வெள்ளைத் திரை வந்த வாரம் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிறவர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நம்பித்தானேம்மா எழுதினேன் என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மென்பொருள் வேலையில் இருக்கிற என் பழைய மாணவியைக் கூப்பிட்டேன், திரையைப் பார்த்துவிட்டு இது எனக்கும் தெரியாது டீச்சர் என்று கையை விரித்துவிட்டாள். அப்புறம் நானே உட்கார்ந்தேன், மூட்டுவலியும் முதுகுவலியுமாக உன் மொழிக்கு அரிச்சுவடி படித்தேன். நிரலில் எதற்கெடுத்தாலும் ஒற்றை எழுத்தில் பெயர் வைத்திருக்கிறாய், என் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். ஒருவழியாக மாமாவின் குறிப்புகளை மீட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். கடைசியாக எழுதிய சிலது மட்டும் போனது போனதுதான். அவர் திட்டவில்லை, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, இந்த ஆப்பைப் போனிலிருந்து எடுத்துடும்மா என்றார். இப்போது கூட்டத்துக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார், கையைத் தூக்குவதில்லை.

உன் நிரலில், குறிப்புகளைச் சேமிக்கிற இடத்தில், உனக்கு நீயே எழுதி வைத்த ஒரு வரி கிடந்தது, இந்த இடம் சிக்கல், அம்மாவுக்கு அப்புறம் விளக்கணும் என்று. பார்த்ததும் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்த அப்புறத்துக்காகத்தானே நானும் காத்திருந்தேன்.

இனி நீ வேறு மொழி தேடி அலைய வேண்டாம். நான் ஜாவாஸ்கிரிப்டில் ஆரம்பித்துவிட்டேன், வசனத் தேடலும், ஒத்துப்போகிற வேறு வசனங்களைக் காட்டுகிற ஒத்துவாக்கியமும் எல்லாருடைய போனிலும் ஓடுகிறது. பார்க்க மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்கிறார் அப்பா, இருக்கட்டும். பழைய ஆப் உன் கணக்கில்தான் இருக்கிறது, அதன் கடவுச்சொல்லை மட்டும் அனுப்பு, எடுத்துவிடுகிறேன், புதிதாக யாரும் ஏமாற வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எத்தனை கோபம் இருந்தாலும் உன் பெயரைச் சொல்லாமல் நான் ஜெபத்தை முடித்ததில்லை, ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வார். கடவுச்சொல்லை மறந்துவிடாதே. அந்தச் சிக்கலான இடத்தை நீ விளக்க வேண்டியதில்லை, எனக்கே புரிந்துவிட்டது. அந்த வரியை அழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா