ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு

முத்தையாபுரம்,
18-4-1978

அன்பு மகள் கிருபைக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் பார்த்துக்கொள்வதால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை சத்தியராஜும் அந்த ஜாம்பியா தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் எங்கள் ஜெபம். உன் ஏர்மெயில் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. மூன்றாம் மாதம் என்று நீ எழுதியிருந்த இடத்தை அப்பா இரண்டு தரம் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் வாசித்தார். நாலு வருஷமாக நான் முழங்காலில் நின்றது வீண்போகவில்லை. நான் அடுப்பில் கிடந்த குழம்பைக்கூட இறக்கி வைக்காமல் பக்கத்து வீட்டு வடிவம்மாளிடம் சொல்ல ஓடினேன், குழம்பு அடிப்பிடித்துப் போனது, போகட்டும். திரும்பி வந்து பார்த்தால் அப்பா பின்கட்டில் உன் அறையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். "ஆகஸ்டு கடைசியில் வந்துவிடுவேன், ஐப்பசியில் நம் வீட்டில் என் அறையில்தான் பிரசவம்" என்று நீ எழுதிய வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷம் அரை நாழிகைகூட முழுசாக நிற்கவில்லை மகளே. உனக்கு இதுவரை மறைத்ததை இனி மறைக்க வழியில்லை, அதனால் உட்கார்ந்துகொண்டு வாசி.

போன நவம்பரில் ஓடைத் தண்ணீர் வாசல்படி வரைக்கும் வந்து போனது என்று உனக்கு எழுதினேனே, அது பொய். தண்ணீர் வீட்டுக்குள் ஜன்னல் கட்டை வரைக்கும் நின்றது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனை முடிந்து இடுப்பளவுத் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தால், உன் தகரப்பெட்டி என்னைப் பார்த்து மிதந்து வருகிறது. இருபத்திரண்டு வருஷம் இந்த வீட்டில் இருக்கிறோம், ஓடை தன் பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டு இருந்ததே தவிர இப்படி உள்ளே வந்தது கிடையாது. மூன்றாம் நாள் வடிந்தது. வடிந்த பிறகு பார்த்தால், ஓடைப் பக்கத்துச் சுவரில், அதாவது உன் அறைச் சுவரில், இரண்டு விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. முன்னால் இருந்த முருங்கையும் போய்விட்டது. தூர தேசத்தில் இருக்கிற பிள்ளையை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று அப்பாதான் எழுத வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு சர்க்காரில் ஒரு உதவி அறிவித்தார்கள். தண்ணீர் புகுந்த வீடுகளுக்கு ஓடைப் பக்கம் கல் வைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பி, அஸ்திவாரத்தையும் பலப்படுத்திக் கொடுப்பார்களாம், மனுப் போட்டால் ஒரு அதிகாரி வந்து சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, துறைமுக ஆபீசில் முப்பது வருஷம் எழுதிய கை, மனுவைப் பார்த்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் போல் இருந்தது. பட்டா நகல், வரி ரசீது எல்லாம் ஒழுங்காக வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். நம் தெருவில் முதல் மனு நம்முடையதுதான். எனக்கு அவ்வளவு தைரியம், சுவர் எழுந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனம். டிசம்பர் வந்தது, இருபத்திரண்டாம் தேதி நம் வீட்டுக்குக் கீத பவனி வருகிறது என்று கோயிலில் வாசித்துவிட்டார்கள். சபை ஐயரும் பாடகர் குழுவும் வந்து உட்காருகிற வீட்டில், சுவரைச் சுற்றி அழுக்கு ஒட்டியாணம் கட்டின மாதிரி சேற்றுக் கோடு. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்காமல் என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருஷம் இருந்திருக்கிறேனா. "ஆபீசர் வந்து பாத்துட்டுப் போவட்டும், பொறவு அடிப்போமே ஜீவமணி" என்று அப்பா சொல்லத்தான் செய்தார். "ஒங்க ஆபீசர் பங்குனிக்கு வருவாரு, அதுவரைக்கும் கிறிஸ்துமஸ் காத்துக்கிட்டு நிக்குமா" என்று நான்தான் வாயை அடைத்தேன். சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி, நீலம் போட்டுக் கரைத்து, முத்துக்கனியைக் கூலிக்கு வைத்துக்கொண்டு நானும் மட்டையைப் பிடித்தேன். ஒரு பூச்சு அடித்தால் கோடு தெரிகிறது. இரண்டாம் பூச்சுக்கும் லேசாகத் தெரிகிறது. விடுவேனா நான், மூன்றாம் பூச்சு அடித்தேன், கோடு போன இடம் தெரியவில்லை. கீத பவனி வந்தபோது ஐயரம்மா சுவரைத் தடவிப் பார்த்து, இந்த வீட்டிலா தண்ணீர் வந்தது என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இருபத்தேழாம் தேதி அதிகாரி வந்தார். வயசு முப்பதுகூட இருக்காது, மரியாதையான பிள்ளை. உள்ளே வந்து நாலு சுவரையும் பார்த்துவிட்டு, ஐயரம்மா கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். பளபளவென்று இருக்கிற சுவரைக் காட்டி, இதற்கு அடியில்தான் இருக்கிறது என்று நான் சொன்னால் அவர் என்ன எழுதுவார். வெடிப்பைக் காட்டினோம், வெடிப்பு பழைய வீட்டில் தானாகவும் வரும், அடையாளம் இல்லாமல் எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்றார். இடது பக்கத்து வீட்டு வடிவம்மாள் பொங்கலுக்குத்தான் வெள்ளையடிப்பாள், அவள் வீட்டில் கோடு அப்படியே நின்றது. வலது பக்கத்தில் கிரேன் ஓட்டுகிற சுந்தரராஜ் எந்தக் காலத்தில் வெள்ளையடித்தான், அவன் வீட்டிலும் நின்றது. இருவர் பேரையும் எழுதிக்கொண்டார். நடுவில் நம் வீடு மட்டும், தண்ணீர் தாண்டிக் குதித்துப் போன மாதிரி, விடுபட்டுப் போனது. அவர் போன பிறகு அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அப்பா மறுபடியும் ஒரு மனு எழுதினார், அதிகாரியும் மனசிரங்கி ஜனவரி கடைசியில் இன்னொரு தரம் வந்து பார்க்கிறேன் என்று தாக்கல் அனுப்பினார். அதைக் கேட்டுவிட்டு வடிவம்மாள் வந்து, "தண்ணி வந்தது நெசந்தான டீச்சரம்மா, வந்த எடத்துல ஒரு கோட்ட இழுத்து விட்டா யாரு குடி முழுவிப்போவுது, நான் சாச்சி சொல்லுதேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், அவளைக் குற்றம் சொல்லாதே. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர் எதுவரை நின்றது என்று ஜன்னல் கட்டை தெரியும், எனக்குத் தெரியும், கர்த்தருக்கும் தெரியும். அதிகாரி வருகிற அன்றைக்குக் காலையில் அப்பா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஓடைச் சேற்றில் காப்பி வடிகட்டின மண்டியைக் கலந்து, தேங்காய் நாரைத் தொட்டு, உன் அறையில் மூன்று சுவருக்கும் கோடு போட்டேன். முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் கோடு போட்ட வாத்திச்சிக்குக் கை சும்மா இருக்குமா. பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையர் ஆகும்போது கொண்டுவந்த மர ஸ்கேலை வைத்து, ஒரு நூல் ஏறாமல் இறங்காமல் போட்டேன். போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். பையை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் வாசலில் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி கோட்டின் பக்கத்தில் குனிந்து ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார். கோபமே இல்லாமல், "வெள்ளம் என்ன, ஸ்கேல் வச்சிக்கிட்டா ஏறும்?" என்று கேட்டார். மூலையில் ஸ்கேல் சாய்ந்து நிற்கிறது, நுனியில் சேறு இன்னும் காயவில்லை. யார் போட்டது என்று கேட்டார். நான் நாக்கைப் புரட்டுவதற்குள் உன் அப்பா, "நாந்தான் சார் போட்டேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

கிருபை, முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து ஒரு பொய் நான் கேட்டதில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்பிப் போகிறவர். எனக்கு வெள்ளம் வந்ததைவிட, கோடு பிடிபட்டதைவிட, அதுதான் பேரதிர்ச்சி. நான் அப்போதே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயசைப் பார்த்துக் கேஸ் எழுதாமல் விடுகிறேன் என்று அதிகாரி சொன்னார், நம் மனுவை மட்டும் தள்ளிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அப்பா கோயிலில் வழக்கம்போல் வேதபாடம் வாசிக்க எழுந்திருக்கவில்லை. ஐயரிடம் போய், பொய் சொன்ன வாயால் இனி வேதம் வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம், என்ன பொய் என்று மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில்தான் முதல் முதலாகச் சொல்கிறேன்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பங்குனி வெயிலில் சுவர் காய்ந்ததும், நான் மூன்று பூச்சு அடித்து மூடின பழைய கோடு உப்புப் பூத்துத் தானாக வெளியே வந்துவிட்டது. வளைந்து நெளிந்து, நான் போட்ட கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே, அசல் தண்ணீர்க் கோடு. நான் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வெட்கத்தை விட்டு அவர் பஸ் ஏறி ஆபீசுக்குப் போனார். அங்கே ஒருத்தர், "இதுவும் நீங்க போட்டதுதான சார்" என்று கேட்டாராம், சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். வந்து என்னிடம் அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். பட்டியலும் முடிந்துபோனது.

இப்போது வடிவம்மாள் வீட்டிலும் சுந்தரராஜ் வீட்டிலும் வேலை நடக்கிறது, கல் வந்து இறங்கி, பின்பக்கம் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுந்துவிட்டது. நேற்று உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அப்பா பின்கட்டில் நின்றபோது, அங்கே வேலை பார்க்கிற சிவனாண்டி கொத்தனார் எட்டிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் சொவரு எந்திரிச்சிட்டுல்லா, இனி வார தண்ணி பூராவும் ஒங்க வீட்டு வழியாத்தான் சார் போவும், இந்த மழய அந்தச் சொவரு தாங்காது" என்றார். நாங்கள் இதை யோசிக்கவே இல்லை மகளே. போன வருஷம் மூன்று வீட்டுக்குப் பரவி நின்ற தண்ணீர் இந்த வருஷம் நம் ஒரு வீட்டுக்கு வரும். அதுவும் ஐப்பசியில். உன் கட்டிலுக்கு நேர் மேலே அந்த வெடிப்பு.

பணம் அனுப்புகிறேன் என்று எழுதாதே. மாப்பிள்ளை தலையில் இரண்டு தங்கச்சிமார் இருக்கிறார்கள், கருங்கல் சுவர் என்பது நம் இரண்டு பேருடைய பென்ஷனில் ஆகிற காரியமும் இல்லை. அப்பாவும் நானும் சாயங்காலம் வரைக்கும் பேசினோம். பிறகு நானே உட்கார்ந்து நாசரேத்துக்கு உன் மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதி இன்றைக்குக் காலையில் தபாலில் சேர்த்துவிட்டேன். என் மகளுக்கு உங்கள் வீட்டில் பிரசவம் பார்த்துக்கொள்ள வேண்டும், என் வீட்டில் அவளைப் படுக்கவைக்க இடமில்லை என்று எழுதினேன். தலைப்பிள்ளைக்கு எந்தத் தாயாவது சம்பந்தி வீட்டுக்கு இப்படி எழுதுவாளா. அந்த அம்மாள் தங்கமானவள், மறுக்கமாட்டாள், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவர்கள் வீட்டில் வெந்நீர் போடவும் மருந்து இடிக்கவும் நான் கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

நீ இதை நினைத்து அழுதுகொண்டு சாப்பிடாமல் இருக்காதே. வாந்தி இருந்தால் காலையில் எழுந்ததும் காய்ந்த ரொட்டித்துண்டு ஒன்று கடி, குடத்தைத் தூக்காதே, அங்கே கொடுக்கிற இரும்பு மாத்திரையைத் தூர எறியாமல் விழுங்கு. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. வருகிற ஞாயிறு நான் ஐயரிடம் போய்க் கோடு போட்டது யார் என்று சொல்லிவிடப் போகிறேன், அப்பாவுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் தடுப்பார். வீடு போனாலும் போகட்டும், அவர் மறுபடியும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

கர்த்தர் உன் வயிற்றுக் கனியை ஆசீர்வதித்து, உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணின் மணி போல் காப்பாராக. மறக்காமல் மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லிவை. நீ இங்கே வந்த பிறகு உனக்கு எழுதுகிற கடிதங்களுக்கு நாசரேத் விலாசம் போடச் சொல். நம் வீட்டு விலாசம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஜீவமணி ஜெபசீலன்