மணவறை பார்க்க வந்தவர்கள்

ஒக்ரோபர் 7, திங்கள்

இன்சூரன்ஸ் கொம்பனியின் பெரித்தோ இன்று வந்து போனார். சேதத்தைப் பார்த்து, இவ்வளவு கொடுக்கலாம் என்று கொம்பனிக்கு எழுதுகிற ஆள் அவர்தான். எல்லாம் நல்லாய் நடந்தது.

போன கிழமை மேல்வீட்டுக் குழாய் வெடித்து, சாமான்கள் வைக்கிற எங்கள் மகசீனோவுக்குள் தண்ணீர் கொட்டியது. நான் வாடகைக்கு விடுகிற மணவறை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. தூண்கள், மயில் தோரணம், கதிரைகள், பட்டுத் திரைகள். அந்தக் கோலத்தில் ஒரு வெளி ஆளை எப்படி உள்ளே கூப்பிடுவது? நானும் இவரும் முறித்து வேலை செய்தோம். ஊறிய தூண்களைப் பழுது தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். திரைகளைத் தோய்த்து மடித்தேன். மயில்களைப் பின்னறையில் வைத்துச் சீலையால் மூடினேன். மணம் போக சாம்பிராணியும் காட்டினேன்.

மனிசன் உள்ளே வந்ததும், "என்ன துப்புரவு!" என்றார். எனக்குப் புளுகம். நான் பொரித்த றோல்ஸும் கோப்பியும் கொடுத்தேன். சேதம் பெரிதா என்று கேட்டார். "இல்லை சின்யோர், கொஞ்சம்தான்" என்றார் இவர். நானும் சிரித்துத் தலையாட்டினேன். அவர் றோல்ஸ் செய்முறையைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

ஒக்ரோபர் 21, திங்கள்

கொம்பனியின் கடிதம் வந்தது. துப்புரவுச் செலவுக்கும் கொஞ்சம் பிளாஸ்ரிக் பூவுக்கும் காசு தருவார்களாம். அவ்வளவுதான். என் மணவறை "பழைய மரத்தளபாடம், பாவிக்கக்கூடிய நிலை" என்று பெரித்தோ எழுதியிருக்கிறார்.

பாவிக்கலாமாம். நீ வந்து இரு ராசா அதிலை. உன்ரை மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்திலை இருத்து. என்ரை றோல்ஸைத் திண்டுபோட்டு எனக்கே...

முந்தி நான் கூட்டித் துடைத்த சின்யோறா வீட்டு வேலையை விட்டுத்தானே இதைத் தொடங்கினேன். தையிலிருந்து திரும்பி வா என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தையில்தான் என்னிடம் மணவறை சொல்லிவைத்த கிருசாந்தினியின் கலியாணம். அதற்கு என் மணவறை நிற்காவிட்டால் பொம்பிளை வீட்டார் கத்தானியாவிலிருந்து வேறு மணவறை எடுப்பார்கள். பிறகு ஆர் என்னைத் தேடி வருவார்? நான் வாளியும் தும்புத்தடியுமாக சின்யோறாவின் படிகளுக்குத்தான் போகவேண்டும்.

ஒக்ரோபர் 22, செவ்வாய்

மகள் சாம்பவி வேலையால் வந்து கடிதத்தை வாசித்தாள். உறுதி எழுதுகிற ஒரு நோத்தாயோவின் அலுவலகத்தில் இருக்கிறவள், இந்தக் கடுதாசிகள் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு.

"அம்மா, அந்தாள் கொம்பனியின்ரை பெரித்தோ. எங்களுக்கெண்டு ஒராளை நாங்களும் பிடிக்கலாம். பெரித்தோ தி பார்த்தே எண்டு சொல்லுறது. ஏன், அந்தாளை நடுவர் எண்டு நினைச்சனீங்களோ?"

ஓம், அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே எங்கள் ஆட்களுக்கெல்லாம் கடுதாசி அலுவல் பார்க்கிற கோபாலசிங்கம் அண்ணையிடம் இவர் போன் போட்டுக் கேட்டார். "கையெழுத்தை வைச்சிட்டு வாறதை வாங்குங்கோ. கொம்பனியோடை கொழுவாதேங்கோ" என்றாராம். அவர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்கிறார் இவர்.

"அவர் வந்து தூணைத் தூக்கிப் பார்த்தவரோ?" என்று கேட்டேன். இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். வெள்ளிக்கிழமை சாம்பவி பிடித்துத் தருகிற பெரித்தோவிடம் நான் போறன். இவர் வந்தால் வரட்டும்.

ஒக்ரோபர் 25, வெள்ளி

வந்தார்.

பொலிதேயாமாப் பக்கம் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே அலுவலகம். எங்கள் பெரித்தோ ஒரு பொம்பிளை, பெயர் நின்ஃபா. கட்டை மயிர், பல்லாறோச் சந்தையில் மீன் விற்கிறவர்களின் குரல். முதலிலேயே சொல்லிவிட்டார்: கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு, ஒன்றும் கிடைக்காவிட்டால் அவருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு, கொம்பனிக்காரர் வந்த அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னார். துடைத்தது, மூடியது, றோல்ஸ், எல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சின்யோறா, உங்களிடம் வந்தது பெரித்தோவா, விருந்தாளியா?"

"வீட்டு வாசலுக்கு வந்தால் விருந்தாளிதானே" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். எனக்கு முதலில் கோபம். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவர் மட்டும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நின்ஃபா நீட்டின ஒப்பந்தத்தில் எனக்குப் பிறகு கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம், பஸ்ஸுக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு சதமும் வரவில்லை, ஏன் இப்படித் துள்ளுகிறேன்? தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் கதைக்க ஒரு ஆள் இருக்கிறது. அதுதான்.

ஒக்ரோபர் 26, சனி

விடிய எழும்பினால் பயம். வந்ததையும் கெடுத்துவிட்டேனோ?

நவம்பர் 3, ஞாயிறு

நின்ஃபா அல்பெர்கேரியாவில் இருக்கிற எங்கள் மகசீனோவுக்கே வந்தார். வந்ததும் மயில்களை மூடியிருந்த சீலையை இழுத்தெடுத்தார். கழுத்துகள் ஊறிக் கரைந்து தொங்கின. அதைக் கண்டு அந்த மனிசிக்கு எவ்வளவு சந்தோசம்!

"கலியாணத்தன்று எப்படி நிற்குமோ, அப்படி நிறுத்துங்கள். ஒட்டக்கூடாது, துடைக்கக்கூடாது. நிற்பதைப் பார்க்காமல் நான் எப்படி மதிப்பது?"

முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். தூண்கள் வீங்கி அடிக்கட்டையில் இறங்க மறுத்தன. இவரும் சாம்பவியும் தம் பிடித்து ஒருமாதிரி இறக்கினார்கள். தங்கப் பூச்சு செதில் செதிலாய் விழுந்தது. மேல்வீட்டுப் பல்கனியில் நின்ற கிழவிகள் ஆருக்குக் கலியாணம் என்று விசாரித்தார்கள். எனக்கும் இவருக்கும்தான் என்றேன். கை தட்டினார்கள்.

நின்ஃபா போய்த் தூணில் ஒரு கையை வைத்து மெல்லத் தள்ளினார். தோரணம் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. சாம்பவி ஓடிப்போய்ப் பிடித்தாள். அது அவளின் தலைக்கு மேலே வந்து நின்றது. இவரின் முகம் வெளுத்துப் போனது.

இதையா நாங்கள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, கொஞ்சம்தான் என்று சொன்னோம்? நின்ஃபா படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 13, புதன்

நின்ஃபா எழுதிக் கேட்டதால் நாளைக்குக் கொம்பனிக்காரர் திரும்பவும் வருகிறார். நின்ஃபா போனில் சட்டம் போட்டார்: கோப்பி இல்லை, றோல்ஸ் இல்லை, சிரிப்பு இல்லை. தண்ணீர் கேட்டால்? தண்ணீர் கொடுக்கலாமாம்.

நவம்பர் 14, வியாழன்

முற்றத்தில் மணவறை சரிந்தபடி நிற்க, கொம்பனிக்காரர் வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு நிற்க எனக்குக் கூச்சமாய் இருந்தது, அதனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவரும் நின்ஃபாவும் தூணுக்குத் தூண் நின்று வாதாடினார்கள். பாதி எனக்கு விளங்கவில்லை. கடைசியில் கொம்பனிக்காரர் இவரிடம் திரும்பி, மிக அன்பாய்க் கேட்டார்: "சின்யோர், நீங்களே அன்றைக்குச் சொன்னீர்கள். கொஞ்சம் திருத்தினால் போதும்தானே?"

இவரின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. முதலாளி, பொலிஸ், விசா கொடுக்கிற குவெஸ்தூரா, எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இல்லை" என்றார் இவர். "அன்றைக்கு மரியாதைக்குச் சொன்னேன். இதற்குக் கீழே என் பிள்ளையை இருத்தமாட்டேன். வேறு ஆரின் பிள்ளையையும் இருத்தமாட்டேன்."

கொம்பனிக்காரர் தானே போய்த் தூணைத் தள்ளிப் பார்த்தார். பிறகு எழுதினார். எனக்கு அந்த இடத்திலேயே இவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது.

அவர் போனபிறகு இவர் சொல்கிறார்: "ஒரு கோப்பியாவது குடுத்திருக்கலாமப்பா."

நவம்பர் 27, புதன்

ஒன்றும் வரவில்லை. கிருசாந்தினியின் தாய் போன் எடுத்தார். ஒரு கிழமை பொறுங்கோ என்றேன்.

டிசெம்பர் 6, வெள்ளி

நின்ஃபா போன் எடுத்தார். தூண்கள், தோரணம், கதிரைகள், எல்லாம் புதிதாய்ச் செய்கிற விலைக்கு ஒப்புக்கொண்டார்களாம். திரைகளுக்கு இல்லை. நான்தானே அவற்றை அழகாய்த் தோய்த்து மடித்து வைத்தேன். போகட்டும், திரை நான் தைப்பேன்.

குசினிக்குள் நின்று ஆடினேன். சாம்பவி வீடியோ எடுத்தாள். கோபாலசிங்கம் அண்ணை கேள்விப்பட்டு, நின்ஃபாவின் நம்பர் கேட்டார். கொடுத்தேன்.

சீசா என்கிற பகுதியில் நாடக மேடை செய்கிற தச்சன் ஒருவன் இருக்கிறான். பின்னேரமே போய்ச் சொன்னோம். தைக்குள் முடிப்பானாம். கிருசாந்தினியின் தாய், "அப்ப உங்கடைதான் அக்கா" என்றார்.

டிசெம்பர் 12, வியாழன்

காலையில் சின்யோறா போன் எடுத்தார். தையிலிருந்து வருகிறாய்தானே என்று கேட்டார்.

வரமாட்டேன் என்றேன்.

உடம்பு சரியில்லையா என்றார். முழங்கால் நோ என்று சொல்ல வாய்வரை வந்தது. இவ்வளவு காலமும் அவரிடம் அதைத்தான் சொல்லி வந்தேன். "நல்ல சுகமாய் இருக்கிறேன், சின்யோறா. எனக்கு என் வேலை இருக்கிறது" என்றேன்.

பிறகு தச்சனிடம் போனேன். முதல் தூணுக்குப் பூச்சு அடித்திருந்தான். நிறம் கொஞ்சம் கூடிப்போச்சு, குறைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.